சுக்கூர் மச்சானும் வெட்டுக் கண்ணாடியும்

என் அக்கா சைனம்புவின் வீட்டுக்காரர் அப்துல் சுக்கூருக்கு வலது கட்டைவிரல்தான் பிழைப்பு. திண்டுக்கல் பேகம்பூரில் தோல் பதனிடும் இடத்தைத் தோல் ஷாப்பு என்போம். அப்படி ஒரு ஷாப்பில் தோலைத் தரம் பிரிப்பது அவர் வேலை. ஆட்டுத்தோலை மடியில் விரித்து விரலை ஒரு ஓட்டு ஓட்டுவார். உண்ணி கடித்த தழும்பு, முள் கிழித்த கோடு, உரிக்கும்போது கத்தி பட்ட வெட்டு எல்லாம் அந்த விரலுக்குத் தெரிந்துவிடும். நல்லது வலப்பக்கம், கழிவு இடப்பக்கம். பேச்சுக் கிடையாது. பொழுது சாய வீட்டுக்கு வருவார். அவர் வருவதற்கு முன்னால் அவர் மேல் இருக்கிற வாடை வந்துவிடும்.

மச்சானை நான் ரொம்ப நாள் லேசாகத்தான் நினைத்திருந்தேன். அதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்து பதினாலு வயதில் பிழைக்க வந்தவர். தாய் தகப்பன் இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் என் அக்காவைக் கட்டி எங்கள் வீட்டோடு மாப்பிள்ளையானார். எங்கள் அத்தா, அதாவது தகப்பனார், கொழும்பில் ஒரு பெரிய ஓட்டலில் சாப்பாட்டுக் கூடத்துப் பொறுப்பில் இருந்ததால் வீட்டில் ஆம்பிளை இல்லை, அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. நான் அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவள் என்று பேர்தான். பாதி நாள் அம்மா வீட்டில்தான் கிடப்பேன். ஆகவே நான் சொல்வதில் பெரும்பாலும் கண்ணால் பார்த்தது.

எங்கள் அம்மா கமர்ஜஹானுக்கு இந்த மருமகனைப் பிடிக்காது. முதலில் வாடைதான் காரணம். ஓட்டல்காரர் பெண்டாட்டியாக அத்தரும் மல்லிகையுமாக இருந்தவள். பிறகு வந்தது பெரிய காரணம். ஐம்பத்தைந்தில் அத்தா கொழும்பிலேயே மவுத்தாகிவிட்டார். அடக்கமும் அங்கேயே முடிந்துவிட்டது. ஒரு மாதம் கழித்து ரயிலில் ஒரு மரப்பெட்டியும் ஒரு கடிதமும் வந்தன. அம்மா இத்தாவில் இருந்தாள், அதாவது புருஷன் போனபின் நாலு மாதம் பத்து நாள் திரைமறைவில் இருக்கிற காலம். திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மச்சான்தான் கடிதத்தைப் படித்தார். ஓட்டல் குமாஸ்தா தமிழில் எழுதியிருந்தார். "அன்னாரது நீண்ட கால ஊழியத்தைப் பாராட்டிப் பன்னிரண்டு வெட்டுக் கண்ணாடித் தம்ளர்கள் இத்துடன் அனுப்பலாயிற்று."

படித்தவர் அதோடு வாயை மூடியிருக்கலாம். தோல் ஷாப்பில் வெட்டு என்றால் கத்தி பட்டுக் கெட்டுப்போன சரக்கு. அவருக்கு வேறு அர்த்தம் தெரியாது. "வெட்டு விழுந்த சரக்காம்ல. கழிச்சுப் போட்டத அனுப்பியிருக்காங்க போல," என்று சைனம்புவிடம் மெதுவாகச் சொன்னார். திரைக்குப் பின்னால் அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

பூவேலை வெட்டிய உயர்ந்த கண்ணாடிக்கு இங்கிலீஷில் ‘கட் கிளாஸ்’ என்று பேர், அதைத்தான் குமாஸ்தா அப்படியே தமிழில் எழுதிவிட்டார் என்று பின்னால் ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார் சொல்லித் தெரிந்தது. தெரிந்து என்ன பிரயோசனம்? சொன்ன சொல் சொன்னதுதான். தன் புருஷனின் இருபத்திரண்டு வருஷ உழைப்பைக் கழிவுச் சரக்கு என்று சொன்ன மனுஷன் என்று அம்மா மனதில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

பெட்டியைத் திறந்தபோது நான் இருந்தேன். வைக்கோலுக்குள் கையை விட்டு ஒரு தம்ளரை எடுத்தேன். இம்புட்டு கனமாக ஒரு கண்ணாடி இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அடியிலிருந்து பாதி உயரம் வரை இலையும் பூவுமாகச் செதுக்கியிருந்தது. முற்றத்து வெயிலில் தூக்கினேன். எதிர்ச் சுவரில் சிவப்பும் பச்சையும் ஊதாவுமாகத் துண்டு துண்டாய் வெளிச்சம் விழுந்தது. கையை அசைத்தால் சுவரெல்லாம் ஓடியது. சைனம்பு வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது, கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. இதைத் தொட நமக்கு என்ன யோக்கியதை என்று நினைத்தேன். நகத்தால் சும்மா ஒரு தட்டுத் தட்டினாள் அக்கா. அந்தச் சத்தம் நின்றுவிட்டதா இன்னும் இருக்கிறதா என்று எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டோம்.

"அந்த மனுசன் கை அதுல படக்கூடாது," என்று திரைக்குள்ளிருந்து அம்மா சொன்னாள். மச்சான் எழுந்து வெளியே போனார்.

அதன்பிறகு அந்தத் தம்ளர்கள் அம்மா கையில்தான். யாரும் அதில் குடித்ததில்லை. வெள்ளிக்கிழமை காலையில் கிணற்றுத் தண்ணீரில் ஒவ்வொன்றாய் அலசி, துணியில் கவிழ்த்து வெயிலில் காயவைத்து அலமாரியில் அடுக்குவாள். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் எப்படி என்று திண்டுக்கல்லில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. வாரம் ஒரு முறை அந்தத் தண்ணீரைக் கண்ணாடி மேல் காயவைத்தால் என்ன ஆகும்? ஐந்தாறு வருஷத்தில் தம்ளர் பன்னிரண்டும் வெள்ளையடித்த மாதிரி ஆகிவிட்டன. வெயிலில் தூக்கினாலும் சுவரில் ஒன்றும் விழவில்லை. அத்தாவே போய்விட்டார், வெளிச்சத்தையும் கூடவே எடுத்துக்கொண்டார் என்று அம்மா சொல்ல ஆரம்பித்தாள். சோறு இறங்கவில்லை அவளுக்கு.

நான் சும்மா இருக்க மாட்டாமல் ஒன்றை எடுத்துச் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டு ஒரு பிடி பிடித்தேன். பித்தளைக் குடத்துக்குச் சரியாக இருந்தது இதற்கு எப்படிச் சரியாகும்? வெள்ளை அப்படியே இருக்க, மேலே மெல்லிய கோடுகள் விழுந்துவிட்டன. பயந்துபோய் அதைப் பின்வரிசையில் வைத்தேன். சைனம்பு பார்த்துவிட்டாள். அவள்தான் அம்மாவிடம் போய் நின்று, "அவுகளுக்கு ஒரு தடவ குடுத்துப் பாக்கட்டுமா?" என்று கேட்டவள். அம்மா அலமாரியைத் திறந்து ஒரு தம்ளரைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "இதுக்கு மேல கெட என்ன இருக்கு. ஓ வீட்டுக்காரர்ட்ட சொல்லு. ஆனா இன்னுங் கொஞ்சம் கெட்டுச்சுன்னா ரெண்டு பேரும் வேற வீடு பாத்துக்கிருங்க," என்றாள்.

அம்மா சொன்னால் சொன்னதுதான். அந்த வீட்டை விட்டால் மச்சானுக்கு ஊரில் போக்கிடம் இல்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். அப்போது அக்கா நாலு மாதம் முழுகாமல் இருந்தாள்.

மச்சான் ஒரு தம்ளரை வாங்கி முற்றத்தில் உட்கார்ந்தார். முதலில் விளிம்பைக் கட்டைவிரலால் சுற்றி வந்தார், தோலைத் தடவுகிற மாதிரியே. பிறகு அந்த வெள்ளையை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தார். நான் முகத்தைச் சுளித்தேன். அவர் என்னைப் பார்த்து, "சுண்ணாம்பு, நர்கீஸு," என்றார். "எங்க ஷாப்புல தோலுல ஏத்துற அதே சுண்ணாம்பு. ஏத்துனா எறக்கிறவும் முடியும்."

ரோமம் கழலத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறப்போடுவார்கள். அப்புறம் அந்தச் சுண்ணாம்பைத் தோலிலிருந்து எடுக்கத் தவிட்டைத் தண்ணீரில் புளிக்கவைத்து அதில் ஊறவைப்பார்கள். அந்தப் புளிப்பு சுண்ணாம்பை மட்டும் கரைக்கும், தோலை ஒன்றும் செய்யாது. இதுதான் அவருக்குத் தெரிந்த வித்தை. இதைக் கொண்டுபோய்க் கொழும்பு ஓட்டல் கண்ணாடியில் காட்டப் போகிறாரே என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

ஆனால் அவர் வேலை செய்த விதத்தைப் பார்த்தபின் சிரிப்பு நின்றுவிட்டது. புதுப் பானையில் தவிட்டை மூன்று நாள் புளிக்கவைத்தார். தவிட்டில் ஒரு துணுக்கு உமி இருந்தாலும் கண்ணாடியைக் கீறிவிடும் என்று மல் துணியை நாலாக மடித்து நாலு தடவை வடிகட்டினார். ஐப்பசி மழையில் ஓட்டுத் தண்ணீரை அண்டாவில் பிடித்து வைத்தார். கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டுச் சேரக்கூடாதாம். ஷாப்புக்கு விடுமுறையான வெள்ளிக்கிழமை விடிந்ததும் சீயக்காய் போட்டுக் குளித்து, நகத்தை ஒட்ட வெட்டி, மோதிரத்தைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தார். மரத்தொட்டிக்குள் அக்காவின் பழைய சேலையை மெத்தையாக விரித்து, வடித்த புளிப்புத் தண்ணீரை ஊற்றினார். தொட்டியில் ஒரு நேரம் ஒரு தம்ளர்தான், இரண்டாவதற்கு இடம் கிடையாது. வெதுவெதுப்புக்கு மேல் சூடு கூடாது. குளிர்ந்திருக்கிற கண்ணாடிக்குச் சுடுதண்ணீர் ஆகாது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை, விரலை வைத்துப் பார்த்தே தெரிந்துகொண்டார். செதுக்கிய பள்ளங்களுக்குள் தென்னங்குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி விட்டார். அழுத்தவே இல்லை. பொறுமையாக, அது தானாகக் கரையட்டும் என்று உட்கார்ந்திருந்தார். பிறகு மழைத் தண்ணீரில் மூன்று முறை அலசி, விளிம்பைப் பிடிக்காமல் அடியைப் பிடித்து எடுத்து, எண்ணெயில் பதமாக்கிய குட்டியாட்டுத் தோலால் ஒற்றினார். அந்தத் தோல் என் கன்னத்தை விட மிருதுவாக இருந்தது.

வெயிலில் தூக்கினார். அவர் கையில் தம்ளரே இல்லை, வெளிச்சம் மட்டும் இருந்தது என்றுதான் எனக்குப் பட்டது. சுவர் முழுக்க வண்ணம் ஓடியது. பெட்டி வந்த அன்று பார்த்ததைவிட அதிகம். நாள் முழுக்க நாறுகிற தோலில் கிடக்கிற மனுஷன், அந்தக் கையா இதைச் செய்தது என்று அவர் விரலையே பார்த்தேன். இத்தனை வருஷம் அவரைக் கிண்டல் செய்த என் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

நாலு வெள்ளிக்கிழமையில் பதினொன்றை முடித்தார். நான் சாம்பல் போட்டுக் கெடுத்த ஒன்றை மட்டும், அதற்கு வேறு பக்குவம் வேண்டும் என்று கடைசிக்கு ஒதுக்கி வைத்தார்.

அம்மா வந்து பார்த்தாள். ஒவ்வொன்றாக எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தாள். எடுத்த இடத்தில் வைத்தாள். "மங்கலாத்தான் இருக்கு. முன்னைக்கு இன்னும் மோசம்," என்றாள். "தோலு ஊறுற தண்ணியில போட்டு எங்க வீட்டுக்காரர் சாமானக் குருடாக்கிட்டாரு. சைனம்பு, பெருநாள் முடிஞ்சதும் வேற வீடு பாத்துக்கிருங்க."

எனக்கு ரத்தம் கொதித்தது. என்ன அம்மா, கண்ணை மூடிக்கொண்டா பார்த்தாய் என்று கேட்க வாயெடுத்தேன். மச்சான் என்னைக் கையமர்த்தினார். ஒதுக்கி வைத்திருந்த வெள்ளை படிந்த தம்ளரைக் கொண்டுவந்து, துலங்கிய தம்ளர் ஒன்றின் பக்கத்தில் வைத்தார். அக்காவைப் பார்த்து, "ரெண்டுல எது தேவலன்னு மாமிய மட்டும் கேளு," என்றார். மாமியார் மருமகனிடம் நேரே பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை, எல்லாம் அக்கா வழியாகத்தான்.

அம்மா இரண்டையும் இரண்டு கையில் எடுத்தாள். ஒன்று சுண்ணாம்புச் சுவர் மாதிரி. இன்னொன்று காலை வெயிலை வாரி அவள் முகத்திலேயே அடித்துக்கொண்டிருந்தது. கன்னத்தில் பச்சையும் சிவப்பும் ஓடின. "ரெண்டும் ஒண்ணுதான்," என்றாள் அம்மா. "ரெண்டும் ஒரே மங்கல்."

மச்சான் தம்ளரைப் பார்க்கவில்லை. அம்மாவின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அக்காவிடம், "என் தப்புத்தான்னு சொல்லிரு," என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார்.

நான் பின்னாலேயே போய்ச் சண்டை பிடித்தேன். "உங்க தப்பு என்ன மச்சான் இருக்கு? அம்மாவுக்குக் கண்ணு தெரியல. எனக்கே இப்பத்தான் புரியுது. போயி முகத்துக்கு நேரா சொல்லிட்டு வாரேன்."

"சொல்லாத," என்றார். "சாமான் போச்சுன்னு நெனச்சிருக்காக, கண்ணும் போச்சுன்னு அதே நாள்ல கேட்டா அவுக தாங்க மாட்டாக. கோவத்துலதான் இப்ப எந்திரிச்சு நடமாடுறாக. அது இருக்கட்டும்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அம்மா சில மாதமாகவே என்னைச் சைனம்பு என்று கூப்பிட்டாள், ஆணத்தில், அதாவது குழம்பில், உப்பை இரண்டு தரம் போட்டாள், நிலைப்படியைக் காலால் தடவித் தாண்டினாள். முப்பது வருஷம் புழங்கின வீடு என்பதால் கைப்பழக்கத்திலேயே ஓட்டியிருக்கிறாள். பெற்ற பெண்கள் இரண்டு பேர் கூடவே இருந்தும் பார்க்கவில்லை.

மறுநாள் மச்சான் அக்கா மூலமாக அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினார். "நான் கெடுத்தேனா இல்லையான்னு மாமியே தீர்ப்புச் சொல்லட்டும். ஆனா மதுரை பெரியாஸ்பத்திரியில கண்ணக் காட்டிட்டு வந்து நல்லாத் தெளிவாப் பாத்துச் சொல்லட்டும். அப்பவும் மங்கலா இருந்தா அன்னைக்கே நான் சட்டி பானையத் தூக்கிர்றேன்."

அம்மா விட்டுக்கொடுப்பாளா? "வாரேன்னு சொல்லு," என்றாள்.

மதுரை டாக்டர் இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருக்கிறது, உடனே அறுக்க வேண்டும் என்றார். கண்ணில் கத்தி வைப்பது என்றால் அந்தக் காலத்தில் ஆம்பிளைகளே ஓடிப்போவார்கள். அம்மா தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு டாக்டரிடம், "அறுங்க. எம்மருமகன் கெடுத்து வச்சிருக்கிறத நான் பாத்தே ஆகணும்," என்றாள். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

கண்ணைக் கட்டி, தலை ஆடாமல் இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து ஏழு நாள் மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். நான் ஊருக்குத் திரும்பிவிட்டேன்; மாசமாக இருந்த அக்கா உள்ளே, மச்சான் வெளியே தாழ்வாரத்தில். ஷாப்புக்கு ஒரு நாள்கூட லீவு போட்டறியாதவர். ஒரு மத்தியானம் அக்கா கஞ்சி வாங்கப் போன நேரம் அம்மாவுக்குத் தாகம் எடுத்திருக்கிறது. கூப்பிட்டிருக்கிறாள். வாசலிலிருந்து, "மாமி, நாந்தான் இருக்கேன். தண்ணி தரவா?" என்று குரல் வந்ததாம். அம்மா நேராகவே, "தாங்க," என்றாளாம். கரண்டியால் ஊட்டினார். "ஒரு சொட்டு கழுத்துல வடியலடி," என்று அம்மா ஊருக்கு வந்து என்னிடம் ஆச்சரியமாகச் சொன்னாள். அது ஒன்றுதான் சொன்னாள்.

நாற்பது நாள் கழித்துத் தடித்த மூக்குக்கண்ணாடி ஒன்று வந்தது. போட்டால் அம்மாவின் கண் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும். மறுநாள் வெள்ளிக்கிழமை. முற்றத்தில் வெள்ளைத் துணி விரித்துத் தம்ளர் பன்னிரண்டையும் வைக்கச் சொன்னாள். நான் கீறினதையும் மச்சான் இதற்குள் துலக்கியிருந்தார், கோடு மட்டும் கோடாகவே இருந்தது. அவர் நிலையோரம் நின்றார். சைனம்பு சமையல்கட்டை விட்டு வெளியே வரவில்லை. பயம் அவளுக்கு.

அம்மா முதல் தம்ளரைத் தூக்கினாள். வெயில் அதில் இறங்கிச் சுவரில் சிதறியது. அவள் சுவரைப் பார்த்தாள், தம்ளரைப் பார்த்தாள், திரும்பச் சுவரைப் பார்த்தாள். கையைக் கொஞ்சம் அசைத்தாள். வண்ணம் ஓடியது. வாய் திறந்தபடி இருந்தது. எங்கள் அம்மாவை அப்படி ஒரு குழந்தை முகத்தோடு நான் பார்த்ததே கிடையாது. இரண்டாவது, மூன்றாவது என்று ஒவ்வொன்றையும் அவசரமில்லாமல் உருட்டி உருட்டிப் பார்த்தாள். ஏழாவதில் நின்றாள். திருப்பினாள். மறுபடி திருப்பினாள். நெற்றி சுருங்கியது.

"மாப்ளே, செத்த இங்க வாங்க," என்றாள்.

மச்சான் வந்து குனிந்தார்.

"இந்தா பாருங்க. அடியில பூவுக்கும் எலைக்கும் நடுவுல கடுகுல பாதி இருக்கும், வெள்ளையா ஒட்டிக்கிட்டு இருக்கு. வர்ற வெள்ளிக்கிழம கழுவுறப்ப மறக்காம இதக் கழட்டிருங்க."

அவர் தம்ளரை வாங்கி வெயிலில் பிடித்துத் தேடினார். கிடைக்கவில்லை. அம்மா விரலை வைத்துக் காட்டினாள். நானும் எட்டிப் பார்த்தேன். இருந்தது. இத்தனை வெள்ளிக்கிழமை அவர் கண்ணுக்கும் விரலுக்கும் தப்பின ஒரே ஒரு பொட்டுச் சுண்ணாம்பு.

"ஆமா மாமி, இருக்கு," என்றார் மச்சான். அதைத் துடைக்கவில்லை. தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சமையல்கட்டுக்கு விறுவிறுவென்று நடந்தார். "சைனம்பு, இங்க பாரு, மாமி கண்டுபிடிச்சிட்டாக," என்று அவர் சொல்வது கேட்டது. குரல் உடைந்திருந்தது. பின்னாலேயே போய்ப் பார்த்தேன். அந்த ஊமை மனுஷன் அடுப்படியில் நின்று அழுதுகொண்டிருந்தார். அக்கா அவர் கையிலிருந்த தம்ளரைப் பதனமாக வாங்கிக் கீழே வைத்தாள்.